நீலச் சின்னத்துக்குக் காசு கொடுப்பது யார்?

ஐரோப்பிய சூப்பர் மார்க்கெட்டுகளில் விற்கும் மீன் டின்களிலும் உறைந்த மீன் பாக்கெட்டுகளிலும் ஒரு சின்ன நீல முத்திரையைப் பார்க்கலாம். பாதி மீன் மாதிரி, பாதி டிக் அடித்த மாதிரி இருக்கும். மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில், சுருக்கமாக எம்எஸ்சி, தரும் சான்று அது. "இந்த மீனைக் கடல்வளம் அழியாத வகையில் பிடித்திருக்கிறார்கள், நிம்மதியாக வாங்கலாம்" என்பதுதான் அது நமக்குச் சொல்லும் சேதி. உலகில் பிடிபடும் கடல் மீனில் சுமார் 15 சதவீதம் இன்று இந்தச் சான்றின் கீழ் வருகிறது. இது எந்த அரசாங்கமும் போட்ட சட்டம் இல்லை. வேண்டும் என்கிறவர்கள் காசு கட்டிச் சேர்ந்துகொள்ளும் ஏற்பாடு.

மரம், பாமாயில், காபி, பருத்தி, சுரங்கம் என்று இன்று எல்லாவற்றுக்கும் இப்படித் தன்விருப்பத் தரநிலைகள் வந்துவிட்டன. அதில் எம்எஸ்சியை மட்டும் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அது மோசமானது என்பதல்ல. இருப்பதில் நல்லவற்றில் ஒன்று என்பதுதான். ஒவ்வொரு மீன்பிடிப்பையும் பற்றிய மதிப்பீட்டு அறிக்கையை, மதிப்பெண்கள் சகிதம், இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். மோசமான ஒன்றைத் திட்டினால் அந்த ஒன்றைப் பற்றித்தான் தெரியும். நல்ல ஒன்று எங்கே இடறுகிறது என்று பார்த்தால், இந்த முறையே எங்கே இடறுகிறது என்று தெரியும்.

வந்த கதை

1992 ஜூலையில் கனடா அரசு நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் காட் மீன் பிடிப்பதற்குத் தடை போட்டது. ஏறத்தாழ ஐந்நூறு வருஷமாக நடந்த மீன்பிடிப்பு அது. முப்பதாயிரம் பேருக்கு மேல் வேலை போனது. இதில் கவனிக்க வேண்டியது, அங்கே அரசின் கண்காணிப்பு இல்லாமல் இல்லை என்பதே. அரசு விஞ்ஞானிகள் இருந்தார்கள், ஒதுக்கீடுகள் இருந்தன, அமைச்சகம் இருந்தது. எல்லாம் இருந்தும் மீன் தீர்ந்துபோனது.

அதே 1992-ல் ரியோ மாநாட்டில் காடுகளுக்கு ஒரு கட்டாய உடன்படிக்கை கொண்டுவரும் முயற்சி தோற்றது. "சரி, அரசாங்கங்களால் முடியாவிட்டால் சந்தையை வைத்துச் செய்வோம்" என்று கிளம்பியதுதான் 1993-ல் தொடங்கிய எஃப்எஸ்சி என்ற மரச்சான்று அமைப்பு. அதைப் பார்த்து மீனுக்கும் ஒன்று வேண்டும் என்று 1996-ல் டபிள்யூடபிள்யூஎஃப்பும் யூனிலீவரும் கைகோத்தன. யூனிலீவர் அப்போது உலகின் மிகப் பெரிய உறைந்த மீன் வியாபாரிகளில் ஒன்று. 1997-ல் எம்எஸ்சி பிறந்தது, 1999-ல் இரண்டு பேரிடமிருந்தும் தனியாக வந்தது. 2000-ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் சிங்கி இறால் பிடிப்பு முதல் சான்றைப் பெற்றது.

இரண்டு அமைப்புகளுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. எஃப்எஸ்சியில் சுற்றுச்சூழல், சமூகம், வணிகம் என்று மூன்று அவைகள், மூன்றுக்கும் சம ஓட்டு. உறுப்பினர்கள்தான் விதியை மாற்ற வேண்டும். எம்எஸ்சியில் அப்படி ஓட்டு கிடையாது. ஆலோசனை கேட்பார்கள், ஆனால் கடைசி முடிவு அறங்காவலர் குழுவுடையது. வேகமாக இயங்க அது வசதிதான். ஆனால் மீனவர் சங்கமோ திமிங்கிலப் பாதுகாப்பு அமைப்போ உள்ளே இருந்து கையைத் தூக்கித் தடுக்க முடியாது.

28 எண்கள், ஒரே ஒரு டிக்

எம்எஸ்சி மூன்று கேள்விகளைக் கேட்கிறது. மீன்வளம் ஆரோக்கியமாக இருக்கிறதா? இந்த மீனைப் பிடிக்கும்போது கடலின் மற்ற உயிர்களுக்கு என்ன ஆகிறது? நிர்வாகம் ஒழுங்காக நடக்கிறதா? இந்த மூன்றையும் உடைத்து, 2014-ல் வெளியான பதிப்பில் 28 குறியீடுகள் வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. எதிலும் 60-க்குக் கீழே போகக் கூடாது. மூன்று தலைப்புகளிலும் சராசரி தனித்தனியாக 80-ஐத் தொட வேண்டும். 60-க்கும் 80-க்கும் நடுவில் நிற்கும் குறியீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனை போடுவார்கள். சான்று ஐந்து வருஷத்துக்குச் செல்லும். அதற்குள் சரிசெய்ய வேண்டும், வருஷா வருஷம் போய்ப் பார்ப்பார்கள்.

சாஃப்ட்வேர் வேலை செய்கிறவர்களுக்கு இது பழகிய கதை. ரிலீஸைத் தடுக்கும் பெரிய பக் எதுவும் இல்லை, மீதி டிக்கெட்டுகளைத் திறந்து வைத்துக்கொண்டு வெளியே விடுவோம். இந்த ஏற்பாட்டை நான் குறையாகச் சொல்லவில்லை. நிபந்தனையோடு உள்ளே சேர்த்தால் திருந்த ஒரு காரணம் கிடைக்கும், வாசலிலேயே துரத்திவிட்டால் அதுவும் கிடைக்காது.

என் குறை வேறு. இந்த 28 எண்களும் கடைசியில் பாக்கெட்டின் மேல் வரும்போது ஒரே ஒரு டிக் ஆகிவிடுகின்றன. எல்லாவற்றிலும் 95 வாங்கியவருக்கும், மூச்சைப் பிடித்துக்கொண்டு 80-ஐத் தொட்டு ஏழெட்டு நிபந்தனைகளைத் தலையில் வைத்திருப்பவருக்கும் அதே நீலம். ஃபிரிட்ஜுக்கும் ஏசிக்கும் நம் ஊரில் ஒன்றிலிருந்து ஐந்து வரை நட்சத்திரம் போடுகிறோமே, அந்தளவுகூட இங்கே கிடையாது. 80-ஐத் தாண்டிவிட்டால் அதற்கு மேல் போக வியாபாரரீதியாக எந்தக் காரணமும் இல்லை. அறிக்கை முழுவதும் இணையத்தில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நூற்றுக்கணக்கான பக்கங்களில். மீன் கவுண்டர் முன்னால் நின்றுகொண்டு அதை யார் படிப்பார்கள்?

விடைத்தாளைத் திருத்துகிறவருக்குச் சம்பளம்

இப்போது பணத்துக்கு வருவோம். எம்எஸ்சி தரநிலையை எழுதுகிறது, மதிப்பீட்டைத் தானே செய்வதில்லை. அதைச் செய்வது தனியார் சான்று நிறுவனங்கள். அந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது யார்? சான்று கேட்கும் மீன்பிடி நிறுவனம். சம்பளம் கொடுப்பது? அதே நிறுவனம். அடுத்த ஐந்து வருஷத்துக்குத் திரும்பக் கூப்பிடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது? அதுவும் அவர்கள்தான். பரீட்சை எழுதும் பையனே திருத்துகிற வாத்தியாரைப் பிடித்து, அவருக்கு ஃபீஸும் கொடுப்பது மாதிரி. எம்எஸ்சியின் சொந்த வருமானத்தில் பெரும்பகுதி சின்னம் போட்ட பொருள்களின் விற்பனையில் இருந்து வரும் உரிமத் தொகை. பொதுவாக மொத்த விற்பனை மதிப்பில் அரை சதவீதம். ஆக, சான்று பெற்ற மீன் அதிகமானால் எல்லோருக்கும் லாபம்.

இதனால் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு பக்கமும் சாயக்கூடிய ஒரு முடிவு வரும்போது தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதுதான் கேள்வி. எம்எஸ்சியில் ஆட்சேபணை தெரிவிக்க வழி உண்டு, அதற்கு ஒரு காலத்தில் 15,000 பவுண்டு வரை கட்டணம், பிறகு அதை 5,000 ஆக்கினார்கள். 2013-ல் சில கடல் ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆட்சேபணைகளை எடுத்துப் பார்த்தார்கள். மொத்தம் 19. சான்று மறுக்கப்படும் அளவுக்கு வெற்றி பெற்றது ஒன்றே ஒன்று.

மீனைத் தாண்டிப் பார்த்தால் இதன் விலை என்ன என்று தெரியும். 2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆயத்த ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250 பேருக்கு மேல் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அந்தத் தொழிற்சாலைக்கு எஸ்ஏ8000 என்ற தொழிலாளர் நலச் சான்று கிடைத்திருந்தது. அதுவும் தன்விருப்பத் தரநிலைதான், அதையும் வெளியார் தணிக்கை செய்துதான் கொடுத்தார்கள்.

"தணிக்கை என்றாலே இப்படித்தான், ஒன்றும் செய்ய முடியாது" என்று சிலர் கையை விரிப்பார்கள். அது உண்மையில்லை என்பதற்கு நம் நாட்டிலேயே ஆதாரம் இருக்கிறது. குஜராத்தில் மாசுபடுத்தும் தொழிற்சாலைகளை வெளியார் தணிக்கை செய்ய வேண்டும் என்பது 1996-ல் உயர் நீதிமன்றம் கொண்டுவந்த ஏற்பாடு. வழக்கம்போலத் தொழிற்சாலையே ஆடிட்டரைத் தேர்ந்தெடுத்துக் காசு கொடுத்து வந்தது. எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோஹிணி பாண்டே, நிக்கோலஸ் ரயான் ஆகிய நான்கு பொருளாதார ஆய்வாளர்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடு சேர்ந்து 473 தொழிற்சாலைகளை எடுத்துக்கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பாதிக்குப் பழைய முறை. இன்னொரு பாதிக்கு ஆடிட்டரைக் குலுக்கல் முறையில் அனுப்பினார்கள், சம்பளம் பொது நிதியிலிருந்து, ஒரே தொகை. ஆடிட்டர் அளந்துவிட்டுப் போன சில இடங்களில் வேறு ஆட்களை விட்டுத் திரும்ப அளந்தார்கள். இரண்டாம் வருஷம் சரியாக அளந்தவருக்குக் கூடுதல் தொகை.

பழைய முறையில் தூசு அளவு வரம்பைத் தாண்டியதாக ஆடிட்டர்கள் எழுதியது 7 சதவீதத் தொழிற்சாலைகளை. திரும்ப அளந்தபோது உண்மையில் தாண்டியவை 59 சதவீதம். புதிய முறையில் பொய்யாக "வரம்புக்குள் இருக்கிறது" என்று எழுதுவது 80 சதவீதம் குறைந்தது. அதைவிட முக்கியம், தொழிற்சாலைகள் மாசையும் குறைத்தன. ஆடிட்டர் தொழிலில் இருந்த ஆட்கள் மாறவில்லை. காசு வரும் வழி மாறியது, அளவு சரியாகிவிட்டது.

இதை அப்படியே எம்எஸ்சியில் செய்யலாமே? கட்டணத்தை ஒரு பொது நிதிக்குக் கட்டச் சொல்லி, சான்று நிறுவனத்தைக் குலுக்கல் முறையில் அனுப்பலாமே? செய்யலாம். ஆனால் இங்கேதான் "தன்விருப்பம்" என்ற சொல் குறுக்கே வந்து நிற்கிறது.

வெளியே போக ஒரு கதவு

அலாஸ்கா சால்மன் 2000-ல் எம்எஸ்சி சான்று பெற்றது. அமெரிக்காவில் அதுதான் முதல். 2012 தொடக்கத்தில் அங்குள்ள பெரிய சால்மன் பதனிடும் நிறுவனங்கள் எம்எஸ்சி வேண்டாம் என்று அறிவித்தன. அலாஸ்காவின் சொந்தச் சான்றுத் திட்டம் ஒன்று அதற்குள் தயாராகியிருந்தது. வால்மார்ட் 2006-லேயே எம்எஸ்சி மீன்தான் வாங்குவோம் என்று அறிவித்திருந்ததால் பெரிய இழுபறி ஆனது. அலாஸ்காவின் அரசியல்வாதிகள் வரை இறங்கி வந்தார்கள். கடைசியில் 2014-ல் இறங்கிப் போனது வால்மார்ட்தான், மற்ற சான்றுகளையும் ஏற்போம் என்றது. யார் சரி என்பதற்குள் நான் போகவில்லை, அலாஸ்கா சால்மன் நிர்வாகம் நல்ல பெயர் எடுத்தது. கவனிக்க வேண்டியது, சான்று பெறுகிறவருக்கு எப்போதும் வெளியே போக ஒரு கதவு திறந்திருக்கிறது என்பதை. தரநிலையைக் கடுமையாக்க நினைக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கதவு எழுதுகிறவர் கண் முன்னால் இருக்கும்.

என் தொழிலில் இதேபோன்ற ஒரு ஏற்பாடு உண்டு. இணையதளங்களின் பூட்டுச் சின்னத்துக்குப் பின்னால் இருக்கும் டிஜிட்டல் சான்றிதழ்கள். அங்கேயும் சான்று கொடுப்பவர் தனியார், காசு கொடுப்பவர் சான்று வாங்குபவர். 2011-ல் டிஜிநோட்டார் என்ற டச்சு நிறுவனத்துக்குள் யாரோ புகுந்து கூகுள் பெயரில் உட்பட 500-க்கும் மேற்பட்ட போலிச் சான்றுகளை உருவாக்கிவிட்டார்கள். ஈரானில் இருந்தவர்களின் மின்னஞ்சலை ஒட்டுக்கேட்க அவை பயன்பட்டன. அந்த நிறுவனத்துக்கும் முறையான தணிக்கை நடந்துகொண்டுதான் இருந்தது. பிரவுசர்கள் அதன் சான்றுகளை ஏற்க மறுத்தன, அந்த மாதத்திலேயே நிறுவனம் திவாலானது.

அதன் பிறகு நடந்த மாற்றங்களில் பெரியது, கொடுக்கும் ஒவ்வொரு சான்றையும் யாரும் பார்க்கக்கூடிய, அழிக்க முடியாத பொதுப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற விதி. 2018-ல் குரோம் அதைக் கட்டாயமாக்கியது. வெளிப்படைத்தன்மையில் எம்எஸ்சியும் ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. இல்லாதது பிரவுசர். சான்று நிறுவனத்திடம் காசு வாங்காத, யாரும் சுற்றிக்கொண்டு போக முடியாத ஒரு வாயிற்காவலன். குரோமுக்குப் பிடிக்கவில்லை என்றால் ஒரு தளம் வேறு எங்கே போகும்? மீன் உலகில் வால்மார்ட் அந்த இடத்தில் நிற்கும் என்று நினைத்தார்கள், அது நிற்கவில்லை.

சின்னம் வேலை செய்த இடம்

வேலை செய்த இடங்களையும் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவின் ஹேக் மீன் இழுவலைப் பிடிப்பு 2004-ல் சான்று பெற்றபோது, கடற்பறவைகள் எத்தனை சாகின்றன என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. வலையின் கம்பிகளில் அடிபட்டு ஆல்பட்ராஸ்கள் செத்துக்கொண்டிருந்தன. வண்ணப் பட்டைகள் கட்டிய கயிறுகளைப் படகின் பின்னால் பறக்கவிட்டால் பறவை கிட்டே வராது. தீர்வு அவ்வளவுதான். அது பரவியபின் அந்தப் பிடிப்பில் ஆல்பட்ராஸ் சாவு 99 சதவீதம் குறைந்ததாகப் பறவை ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். மிகப் பெரிய வெற்றி. ஆனால் அந்தக் கயிறு எல்லாப் படகிலும் ஏறியதற்கு, அரசு அதை மீன்பிடி உரிமத்தின் நிபந்தனையாக்கியதும் ஒரு காரணம். சான்று கேள்வியைக் கேட்டது, அரசு பதிலைக் கட்டாயமாக்கியது. சுற்றிக்கொண்டு போக முடியாத காவலன் என்றேனே, அது உரிமம் கொடுக்கும் அரசுதான்.

பக்கத்துக் கேரளத்திலும் ஒரு கதை உண்டு. கொல்லத்தில் அஷ்டமுடிக் காயலில் மட்டி எடுக்கும் தொழில் வெளிநாட்டுத் தேவையால் வளர்ந்து 1991-ல் வருஷத்துக்குப் பத்தாயிரம் டன்னைத் தொட்டது. 1993-க்குள் பாதியாக விழுந்தது. அதன்பின் கட்டுப்பாடுகள் வந்தன: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எடுக்கக் கூடாது, வலைக்கண் அளவு இவ்வளவு, ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச அளவு, இயந்திரம் வைத்து அள்ளக் கூடாது. இந்தியாவின் முதல் எம்எஸ்சி சான்று அஷ்டமுடி மட்டிக்குக் கிடைத்தது 2014-ல். வருஷங்களைப் பாருங்கள். விதி வந்து இருபது வருஷம் கழித்துச் சின்னம் வந்தது. சின்னம் நல்ல நிர்வாகத்தை உண்டாக்கவில்லை, ஏற்கெனவே இருந்ததைப் படம் பிடித்துச் சட்டம் போட்டது.

நிர்வாகம் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு வடகிழக்கு அட்லாண்டிக்கின் மாக்கரல், நம் கானாங்கெளுத்தியின் தூரத்துச் சொந்தம், சாட்சி. தண்ணீர் சூடாகி மீன் இடம் மாறியது. ஐஸ்லாந்தும் ஃபாரோ தீவுகளும் தங்களுக்கும் பெரிய பங்கு வேண்டும் என்றன. நார்வேயும் ஐரோப்பிய ஒன்றியமும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொருவரும் தனக்குத் தானே ஒதுக்கீடு போட்டுக்கொண்டால் கூட்டுத்தொகை விஞ்ஞானிகள் சொன்ன அளவைத் தாண்டத்தானே செய்யும்? 2012-ல் சான்று நிறுத்தப்பட்டது, 2016-ல் திரும்ப வந்தது, 2019-ல் மறுபடி நிறுத்தப்பட்டது. எம்எஸ்சி தன் விதிப்படி சரியாகத்தான் நடந்துகொண்டது. அதனால் மாக்கரலுக்கு என்ன லாபம்? நாடுகள் முழுமையான உடன்பாட்டுக்கு வரவேயில்லை, அளவை மீறிப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். 2025-ல் சர்வதேசக் கடலாய்வுக் குழு, அடுத்த ஆண்டுக்கான அளவை முந்தைய ஆண்டைவிட 70 சதவீதம் குறைக்கச் சொன்னது.

படத்தில் இருப்பவர் யார்?

இன்னொரு விஷயம் இருக்கிறது, எனக்கு மனசுக்கு ஒப்பாத விஷயம். 2020-ல் வந்த ஓர் ஆய்வு, எம்எஸ்சியின் விளம்பரப் படங்களையும் சான்று பெற்ற மீனின் கணக்கையும் ஒப்பிட்டது. படங்களில் அதிகம் தெரிந்தவை சின்னப் படகுகள், கடலுக்குச் சேதம் குறைவான மீன்பிடிப்புகள். கணக்கிலோ 2009 முதல் 2017 வரை சான்று பெற்ற மீனில் 83 சதவீதம் பெரிய தொழில்முறைப் பிடிப்பு. காரணம் புரியாததல்ல. வருஷக்கணக்கான மீன்வளத் தரவு, ஆலோசகர், ஆடிட்டர் கட்டணம் இதெல்லாம் ஒரு கட்டுமர மீனவருக்கு எங்கிருந்து வரும்? அளந்து காட்ட முடியாதவர் நீடித்த முறையில் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை. அவரிடம் சான்று இல்லை, அவ்வளவுதான். ஆனால் சின்னம்தான் சந்தைக்குள் நுழையும் சீட்டு என்று ஆகும்போது, சான்று இல்லாதவர் தப்பு செய்கிறவர் மாதிரி ஆகிவிடுகிறார். அவருடைய படம் மட்டும் விளம்பரத்தில் நிற்கிறது.

கடைசியாக

அப்படியானால் இந்தச் சின்னங்களைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது என்பதே என் கட்சி. கராச்சியும் மாக்கரலும் காட்டுவது சான்று பயனற்றது என்பதை அல்ல, சான்றைச் சட்டத்துக்கு மாற்றாக நினைத்தால் ஏமாறுவோம் என்பதை. சட்டத்தின் முதல் வரைவாக அது நன்றாகவே வேலை செய்யும். எது முடியும், எவ்வளவு செலவாகும், எப்படி அளப்பது என்பதையெல்லாம் விருப்பமுள்ளவர்களிடம் சோதித்துப் பார்த்துவிட்டு, ஆல்பட்ராஸ் கயிறு மாதிரி, சரிப்பட்டதை எல்லோருக்கும் விதியாக்கலாம்.

எந்தப் பொருளில் எந்தப் பச்சை, நீல முத்திரையைப் பார்த்தாலும் நான் இப்போது நான்கு கேள்விகள் கேட்டுப் பார்க்கிறேன். தணிக்கை செய்தவரைத் தேர்ந்தெடுத்தது யார்? முழு அறிக்கை பொதுவில் இருக்கிறதா? இதுவரை எத்தனை பேரிடமிருந்து சான்றைத் திரும்பப் பிடுங்கியிருக்கிறார்கள்? பிடுங்கினால் அவர் வேறு கடையில் வேறு சின்னம் வாங்க முடியுமா? எம்எஸ்சி இரண்டாவதிலும் மூன்றாவதிலும் தேறும். முதலாவதிலும் நான்காவதிலும் தேறாது. மற்ற பல முத்திரைகள் இரண்டாவதிலேயே நின்றுவிடும், நீங்களே தேடிப் பாருங்கள்.